அறுபது காணும்

காலை பத்து நாற்பதுக்கு ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. "டாக்டரும் ஒருமுறை பார்க்கட்டும், வெளியே இருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஸ்கேன் எடுத்த பெண் விரைந்தார். ஒரு யாழ்ப்பாணத் தாயும் பதினெட்டு வயது மகளும் வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். மெல்பர்னில் இந்த வரிசைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சிறுவயதில் புற்றுநோய் வந்து போயிருக்கும். அதைக் குணமாக்கிய மருந்து இதயத்தைக் கெடுக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பார்கள். அடுத்தது என் மகன்.

"போன வருசம் அறுபது எடுத்தனீ. இப்ப குறைஞ்சிட்டுதோ?"

"அம்மா, இதயம் தனக்குள்ளை இருக்கிற இரத்தத்திலை நூற்றுக்கு எவ்வளவு தள்ளுது எண்ட கணக்கு அது. எக்ஸாம் இல்லை."

"மிச்சம் நாற்பது எங்கை?"

"ஒருத்தருக்கும் நூறு வராது. உங்களுக்கும் வராது."

"உன்னோடை வார்டிலை இருந்த நிலா எத்தினையாம்?"

"அறுபத்திநாலு."

"பாத்தியோ!"

"அப்ப என்ரை இதயத்தை டியூஷனுக்கு விடுங்கோ."

தாய் சிரிக்கவில்லை. மகளின் கையை விடவும் இல்லை.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். படம் தெளிவில்லாததால்தான் மறுபடி பார்த்தாராம். அதே அறுபது, மாற்றமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்.

"போதும் டொக்டர், காணும்," என்றார் தாய், தமிழிலேயே. "அறுபது காணும்."