தெளியவிட்ட தண்ணீர்

இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுங்கள் சார். எனக்கு டம்ளரில் குடித்துத்தான் பழக்கம். குடிப்பதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு மூக்குதான் முதல் கருவி.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். கிணற்றுத் தண்ணீர் முதலில் தரைத்தொட்டியில் வந்து விழும். அங்கே மருந்து கலப்பேன். பிறகு மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, காலையில் வீடுகளுக்குத் திறந்துவிடுவேன். மருந்து என்றால் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே கொட்டுகிறவன் சோம்பேறி. வாளியில் கரைத்து, மூடி வைத்து, கசடு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஊற்ற வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. எனக்குப் பொறுமை உண்டு. அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பேன். "இவன் வாயைத் திறந்தா தொட்டி காலியாயிடும்னு பயப்படறான்" என்று அண்ணி கிண்டல் செய்வார்.

அண்ணன் போன பிறகும் என்னை வீட்டைவிட்டு அனுப்பாமல் சோறு போட்டவர் அண்ணி. தையல் வேலை. உதட்டில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். அவற்றைக் கடித்துக்கொண்டே தெருவையே அதட்டுவார், ஒன்றுகூடக் கீழே விழாது.

பாட்டில் தண்ணீர்க் கம்பெனி வந்து நிலத்தடி நீரை உறிஞ்சத் தொடங்கியதும் ஊர்க் கிணறு இறங்கிவிட்டது. மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து இருமியது. அண்ணிதான் முதலில் போய்க் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றார். பின்னால் தெரு சேர்ந்துகொண்டது. தகரக் கொட்டகை போட்டோம். தினமும் காலையில் நான் தொட்டித் தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுபோவேன். ஆளுக்கு ஒரு டம்ளர், கேட்டைப் பார்த்து நின்று குடிக்க வேண்டும். கோஷம் கிடையாது. எங்கள் தண்ணீர் எங்களுக்குப் போதும் என்று குடித்தே காட்டுவது. அண்ணியின் யோசனை அது. நல்ல யோசனை.

எனக்குக் குமட்டும் என்பது வேறு விஷயம். அத்தனை பேருக்கும் ஒரே டம்ளர். புகையிலை அப்பிய வாய், புண் வந்த உதடு, சளி இருமல். விளிம்பில் எச்சில் கோடு காய்ந்து வெள்ளையாக நிற்கும். நான் கடைசியாக வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வேன். என் கூச்சம் அண்ணிக்குத் தெரியும். என்னிடம் கொடுப்பதற்கு முன் முந்தானையால் விளிம்பைத் துடைத்துக் கொடுப்பார்.

நாளாக நாளாகக் கூட்டம் தேய்ந்தது. ஒருநாள் சலூன்காரர் கொட்டகைக்குப் பின்னால் நின்று கம்பெனிப் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கண்டுக்காத மாப்ளே, சும்மா வாய் கொப்பளிக்கறேன்" என்றார். பிறகு கொப்பளித்ததை விழுங்கினார். அவர் தொண்டை அசைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மனிதர்களை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கூடாது.

அவரை மன்னித்திருப்பேன். ஒருநாள் மதியம் அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"டேய் தம்பி, அந்த மேனேஜர் இறங்கி வந்துட்டான். உறிஞ்சறதைப் பாதியா குறைச்சுக்கறானாம். ஊருக்குக் குழாயும் போட்டுத் தரானாம். எழுதி வாங்கிட்டு முடிச்சுக்கலாமா?"

"பிச்சை வாங்கச் சொல்றீங்களா அண்ணி?"

"பிச்சையோ கிச்சையோ, கிணறு ஏறுமில்ல? இங்க தைக்கத் துணி மலையா கிடக்கு. எத்தனை நாளைக்குடா அந்த கேட்டையே வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கறது? கல்யாணப் பொண்ணா அது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிறையப் படிப்பவன், யோசிப்பவன். அன்று ஒன்று புரிந்தது. அநியாயம் என்றால் மனிதன் கொஞ்ச நாள் நிற்பான், பிறகு உட்கார்ந்துவிடுவான். அருவருப்பு என்றால் உட்கார மாட்டான். தன் வாய்க்குள் என்ன போனது என்று தெரிந்தால் அவன் பேரம் பேச மாட்டான்.

செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவரை ஊரில் 'சென்ட்டு' என்பார்கள். நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அவர்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்துக்கு உரம் வேண்டும் என்று கேட்டேன், ஒரு பீப்பாயில் விட்டுவிட்டுப் போனார். "மூக்கைப் பொத்திட்டு விவசாயம் பண்ணுங்க தலைவரே" என்றுகூடச் சொன்னார்.

அடுத்த மதியம் ஊர்க்காரர்கள் கொட்டகையில் இருந்தபோது, பீப்பாயிலிருந்து வாளி வாளியாக எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி மூடி வைத்தேன். மருந்து கரைக்கும் அதே வாளி. அடியில் படியும்வரை பக்கத்திலேயே காத்திருந்தேன். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் தரைத்தொட்டியில் ஊற்றினேன். பிளீச்சிங் பவுடர் போடவில்லை. கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன், தொட்டிக்கு வெளியே.

என் எண்ணம் எளிமையானது. காலையில் வாடை வரும். கம்பெனியின் கழிவுக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர் அதைக் கைகாட்டும். யாரும் குடிக்க வேண்டியதே இல்லை, முகர்ந்தால் போதும்.

ஏன் தெளியவிட்டேன் என்று கேட்கிறீர்கள். வாடைதான் வேண்டும் என்றால் கசடோடு கொட்டியிருக்கலாமே என்கிறீர்கள். கைப்பழக்கம் சார்.

மறுநாள் மேனேஜரே கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் பாட்டில். "இன்னைக்காவது இதைக் குடிங்கம்மா, குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கலாம்."

"முதல்ல எங்க தண்ணி, அப்புறம்தான் உங்க பேச்சு" என்றார் அண்ணி. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, மேனேஜர் காதில் விழாதபடி கேட்டார்:

"என்னடா தம்பி, ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

நான் பேசாமலிருப்பது அவருக்குப் புதிதல்ல, காத்திருந்தார். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கெட்டுப்போச்சு என்று சொன்னால் கீழே ஊற்றிவிடுவார். ஊர் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டும். தொட்டியைக் கழுவச் சொல்வார்கள். பிறகு அந்தக் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார். வாடை ஒருநாள் பேச்சு. பாடை அப்படியில்லை.

"பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூக்கலா விழுந்துடுச்சு அண்ணி" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று குடித்தார். மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டுவரை. சலூன்காரர் குடித்தார். எல்லோரும் குடித்தார்கள். என் முறை வந்தபோது அண்ணி விளிம்பைத் துடைத்துக் கொடுத்தார். அண்ணாந்தேன். வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. வீடுகளுக்கு அதற்கு முன்பே திறந்துவிட்டிருந்தேன். வழக்கமான நேரத்தில் திறக்கவில்லை என்றால் வந்து கேட்பார்கள் அல்லவா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய்கூட இல்லாமல் கிடந்தார்கள். அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அண்ணியை நான்தான் துடைத்தேன், வேறு யாரையும் விடவில்லை. உதடு வெடித்திருந்தது. குண்டூசி பிடித்த பள்ளங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"மருந்து சரியாத்தானே போட்டே?"

"போட்டேன் அண்ணி."

"அப்ப அவனுங்க வேலைதான். விடாதீங்கடா அவனுங்கள."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சலூன்காரர் பிழைத்துக்கொண்டார். பால்பவுடரை இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த வீடுகளும் இருந்தன. அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.

ஊர் விடவில்லை. கேட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். மெஷின்களை உடைத்தார்கள். கம்பெனி போய்விட்டது. போய்ப் பாருங்கள், கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அண்ணி கேட்டதற்கு இரண்டு பங்காகவே கிடைத்திருக்கிறது. இருந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு, பிறகு ஒப்புக்கொண்டிருப்பார். ஊரின் தண்ணீரை ஊர் நம்பிக் குடிக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

நீண்ட நேரம் பேசிவிட்டேன், பழக்கமில்லை. தொண்டை காய்கிறது. உங்கள் ஆள் கொண்டுவந்து வைத்த டம்ளர் அப்படியே இருக்கட்டும். எந்தத் தொட்டித் தண்ணீரோ, யார் பார்த்துக்கொள்கிறாரோ.

அந்தப் பாட்டிலையே கொடுங்கள் சார். மூடி உடைக்காததுதானே?