வயருக்கும் இரும்புக்கும் ஒரு விரல் இடைவெளி

— மறுபடி சொல்லுங்க சார், காதுல விழல.

— விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. வயரைப் பிடிச்சிருக்கிற மூணாவது கிளாம்ப்பைப் பார்க்கணும்னு சொன்னேன்.

— ரெண்டு தடவை பார்த்தாச்சே! இன்னொரு தடவை பார்த்தா அதுக்கே வெக்கம் வந்துடும்.

— சட்டம்னா சட்டம். பரிசோதகர் கேட்டா, வேலை செஞ்ச எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்து பதில் சொல்லணும். தலையாட்டினா கணக்குல வராது. கிளாம்ப் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?

— மேல் பக்கம்.

— திருகாணி?

— முடுக்கியாச்சு. அது மேல சிவப்புப் பெயிண்டும் வெச்சாச்சு. உங்க டார்ச் வெளிச்சத்துல பளபளன்னு தெரியுது பாருங்க.

— வயர் கட்டுக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவுல?

— ஒரு விரல் இடைவெளி.

— யார் விரல்?

— என் விரல்தான். உங்க விரலை வெச்சு அளந்தா நடுவுல ஒரு பூனை படுத்துத் தூங்கும்.

— பதில் மட்டும் சொல்லு. கதை வேண்டாம்.

— ஐயா சாமி, ஒரு விரல் இடைவெளி. போதுமா?

— தலைவரே! உள்ளே இருக்கீங்களா? இல்ல விமானத்தோட வயித்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடி போயிட்டீங்களா?

— வாங்க கேப்டன். காலைப் பார்த்து வைங்க, தரைப் பலகையெல்லாம் கழட்டிப் போட்டிருக்கேன்.

— தங்கச்சி, உன் வீட்டுக்காரர் தலை எங்கே? கால் மட்டும் தெரியுது.

— தலை கீழே இருக்கு. காலையில இருந்து எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு. உள்ளே ஏதோ புதையல் இருக்கு போல.

— தலைவரே, நான் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுட்டு வந்து நிக்கறேன். வெயிட்டிங் ஹால்ல ஜனங்க என்னை முறைக்கறாங்க. போலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை.

— கேப்டன், உங்களுக்குத் தெரியாததா? வேற எங்கேயோ இதே மாடல் விமானத்துல இந்த வயர் கட்டு இரும்புல உரசி உரசி, தோல் உரிஞ்சு, பொறி பறந்து, காக்பிட் பூரா புகை. நல்லவேளை, தரையில நின்னுட்டு இருக்கும்போது. அதனாலதான் எல்லா விமானத்துக்கும் கட்டாயத் திருத்தம். புது உறை, புது கிளாம்ப். இன்னைக்கு முடிச்சு நான் கையெழுத்துப் போட்டாதான் கிளம்பலாம். இல்லைன்னா இது இங்கேயே நிக்க வேண்டியதுதான், குருவி கூடு கட்டட்டும்.

— புகை சரி, பொறி சரி. என் கேள்வி வேற. பெண்டாட்டி செஞ்ச வேலையைப் புருஷன் பரிசோதிக்கலாமா?

— செஞ்ச கை வேற, பார்க்கிற கண்ணு வேறயா இருக்கணும், அவ்வளவுதான். இன்னொரு பரிசோதகருக்குக் காய்ச்சல். வேற ஆள் இல்ல.

— சலுகை கிடைக்கும்னு நினைக்காதீங்க கேப்டன். மத்தவங்க வேலையை இவர் ஒரு தடவை பார்ப்பாரு. என் வேலையை மூணு தடவை.

— ஹால்ல ஒரு அம்மா வந்திருக்காங்க தங்கச்சி, பேர் போன வாய். பக்கத்துல உட்கார்ந்தவங்க, செக்யூரிட்டி, டீ விக்கிறவர், ஒருத்தரையும் விடல. "இந்த விமானத்துக்குக் கரண்டு கொடுக்கறதே என் மருமகதான்"னு சொல்லிட்டு இருக்காங்க.

— ஐயோ, அத்தை!

— எங்கம்மாவா? எங்கம்மாவா அப்படிச் சொன்னாங்க?

— உங்கம்மாவா அவங்க? அட! பையன் என்ன பண்றான்னு கூட ஒருத்தர் கேட்டாரு. "அவனா? அவன் டார்ச் அடிக்கிற வேலை"ன்னாங்க.

— சிரிக்காதே. நீ சிரிக்காதே.

— நான் எங்கே சிரிச்சேன்? தூசி. தொண்டையில தூசி.

— சரி, நான் போய் ஜனங்களுக்கு ஏதாவது பொய் சொல்லிட்டு வர்றேன். வானிலை சரியில்லைன்னு சொல்லவா?

— வெளியில சுள்ளுனு வெயில் அடிக்குது கேப்டன்.

— அதனால என்ன தங்கச்சி, பொய் சொன்னா எனக்கு முகமும் தானா அதுக்கேத்த மாதிரி மாறிடும். தலைவரே, சீக்கிரம்!

— போயிட்டாரா?

— போயிட்டாரு. இப்ப சொல்லுங்க. என்னதான் உங்க பிரச்சினை?

— பிரச்சினை ஒண்ணும் இல்ல. இந்த உறையில ஒரு சுருக்கம் தெரியுது.

— எங்கே?

— இதோ, இந்தக் கைக்கண்ணாடியில பாரு. வயர் திரும்பற இடத்துல.

— சார், கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்துங்க. இப்ப சுருக்கம் எங்கே இருக்கு?

— இங்கே வந்துடுச்சு.

— உறை நகரலையே, சுருக்கம் மட்டும் எப்படி நடந்து வந்துச்சு? அது உங்க கண்ணாடியில இருக்கிற கீறல்.

— சரி. கீறல்தான். ஒத்துக்கறேன்.

— ஏங்க, இங்கே பாருங்க. சார் இல்ல, ஏங்க. உங்கம்மா கிளம்பறாங்கன்னு வண்டியை நிறுத்தப் பார்க்கறீங்க. உங்க அண்ணன் ஊருக்கு வாரத்துக்கு ஒரு விமானம்தான். இது நின்னா அடுத்த வாரம் வரைக்கும் அம்மா நம்ம வீட்ல. அதானே?

— உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அதை முதல்ல சொல்லு. விடியறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்து வேலையை முடிச்சிருக்கே. எங்கம்மாவை அனுப்பறதுல உனக்கு இருக்கிற வேகம் இருக்கே!

— ஓ, அப்படியா? அப்ப அவங்க என்னாலதான் போறாங்க?

— பின்னே? தினமும் குஸ்தி. வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே ரெண்டு பேர் சத்தமும் தெருமுனை வரைக்கும் கேக்குது. நேத்து ஒரு துண்டு மடிக்கறதுக்கு அவ்வளவு பேச்சு. துண்டுக்கு!

— ஐயோ ராஜா, அது சண்டையா? "உனக்கு வயரைக் கட்டத்தான் தெரியும், துண்டு மடிக்கத் தெரியாது"ன்னாங்க. "உங்க மகன் வாய் மாதிரி மடிச்சிருக்கேன் அத்தை, யாராலயும் திறக்க முடியாது"ன்னேன். சிரிச்சு சிரிச்சு அவங்களுக்குப் புரையேறிடுச்சு. நான்தான் தலையில தட்டினேன். நீங்க அந்த ரூம்லதான் இருந்தீங்க.

— நீ தட்டினதை நான் அடின்னு நினைச்சேன்.

— அடின்னு நினைச்சும் எழுந்து வரல, பார்த்தீங்களா? அந்த வீட்ல பேசறது நாங்க ரெண்டு பேரும்தான். கத்திக் கத்திப் பேசறோம், ஏன்னா மூணாவது ஆளோட பங்கையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கு.

— அப்ப ஏன் போறாங்க?

— இப்பவாவது கேட்டீங்களே. போன வாரம் உங்க முன்னாடி வந்து நின்னு, "கால் வலிக்குதுப்பா"ன்னாங்க. ஃபோன்ல இருந்து தலையைத் தூக்கல. "ம்"னீங்க. "டாக்டர்கிட்ட போகலாமா"ன்னாங்க. "ம்". "நான் பெரியவன் வீட்டுக்கே போயிடறேன்"னாங்க. அதுக்கும் "ம்". அந்த "ம்"முக்குத்தான் டிக்கெட் எடுத்தாங்க.

— நான் அப்படியா சொன்னேன்?

— நீங்க எங்கே சொன்னீங்க? அதானே கதை. இங்கே தலையாட்டினா கணக்குல வராது. வீட்ல மட்டும் "ம்" கணக்குல வருமா?

— நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொன்னேன்.

— நான் என்ன சொன்னேன்?

— "ம்".

— சரி, விடு. கேலி பண்ணது போதும். அம்மா போறது எனக்குப் பிடிக்கல.

— அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? சொல்ல வேண்டியவங்க ஹால்ல உட்கார்ந்து, டீக்காரருக்கு உங்க டார்ச் கதை சொல்லிட்டு இருக்காங்க.

— நான் இந்த வேலையை ஏத்துக்கலைன்னு சொன்னா?

— தாராளமா சொல்லுங்க. ஏன் ஏத்துக்கலைன்னு காரணம் சொல்லணும். வாயைத் திறந்து. சட்டம்னா சட்டம். "எங்கம்மா போறாங்க, அதனால மூணாவது கிளாம்ப் சரியில்ல"ன்னு சொல்லுங்க பார்ப்போம்.

— இரு, இன்னொரு தடவை டார்ச் அடிச்சுப் பார்க்கறேன்.

— என்ன, டார்ச் அடிக்கிறவரே? பேட்டரி தீர்ந்துடுச்சா?

— பொய் சொல்ல வரல. இந்த இடத்துல எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும். இந்த வயர் மேல நாப்பது அம்பது பேர் உட்கார்ந்து போறாங்க.

— தெரியும். அதனாலதான் உங்களைக் கட்டிக்கிட்டேன். வீட்ல எப்படி இருந்தாலும் இங்கே நீங்க மனுஷன்.

— கிளாம்ப் சரி. உறை சரி. முடிச்சு சரி. சொல்லப்போனா, இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு சுத்தமா ஒரு வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல. உறை முனையில கயிறு கட்டியிருக்கே பாரு, அப்படியே படம் பிடிச்சு மாட்டலாம்.

— அப்ப இன்னைக்கு மழைதான். பாராட்டெல்லாம் வருது!

— எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டே?

— நம்ம ஆள் போகுதே, மெனக்கெட வேண்டாமா?

— ம்... இல்ல, "ம்" இல்ல. சரி. சரின்னு சொன்னேன்.

— அட, முன்னேற்றம்!

— கரண்டு போடு. இந்த வயர் கட்டு எதுக்கெல்லாம் போகுதோ அதெல்லாம் வேலை செய்யுதான்னு பார்த்துட்டா முடிஞ்சது. கேபின் விளக்கு?

— எரியுது.

— பணிப்பெண்ணைக் கூப்பிடற மணி?

— கேட்டீங்களா? டிங்! உங்க காது வரைக்கும் வந்துச்சா?

— வந்துச்சு. படிக்கிற விளக்கு? ஒவ்வொரு வரிசையா வா.

— முன் வரிசை எரியுது. அடுத்தது எரியுது. எல்லாம் வரிசையா எரியுது. ஏங்க, இந்த வரிசைக்கு நீங்களே மேல வந்து பாருங்க.

— ஏன், அது என்ன விசேஷம்?

— அத்தை சீட்டு. ஜன்னல் பக்கம். போன தடவை வந்தப்போ விளக்கு எரியலைன்னு இறங்கற வரைக்கும் புலம்பினாங்க.

— சரி, இரு, வர்றேன். முட்டி உடையுது எனக்கு... ஆங். எரியுது. நல்லா எரியுது.

— பக்கத்து சீட்டையும் போட்டுப் பாருங்க.

— அதை நீயே பார்த்தியே. எரியுதுன்னு சொன்னே.

— நான் சொன்னா? பரிசோதகர் கண்ணால பார்க்க வேண்டாமா? பக்கத்துல உட்கார்றவங்களும் மனுஷங்கதானே.

— எவனோ ஒருத்தன் ஏறின உடனே குறட்டை விடப்போறான். அவனுக்கு எதுக்கு விளக்கு? சரி, சரி, முறைக்காதே. இதோ. எரியுது. திருப்தியா?

— ரொம்பத் திருப்தி. ஏங்க, நம்ம வீட்டு வாஷிங் மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?

— அது எதுக்கு இப்ப?

— சும்மா. பரிசோதகராச்சே, தெரிஞ்சிருக்கும்னு கேட்டேன்.

— பெருசா ஒரு பட்டன் இருக்குமே. அதா?

— அது கதவு திறக்கறது. விடுங்க.

— தலைவரே! வானிலை பொய் எடுபடல. உங்கம்மா ஜன்னல் வழியா வானத்தைக் காட்டி, "எங்கேப்பா மழை"ன்னு கேட்டு என் மானத்தை வாங்கிட்டாங்க. இதுக்கு மேல என்னால முடியாது. போலாமா?

— போலாம் கேப்டன். நீ அந்தப் பேனாவைக் கொடு. இந்தாங்க, கையெழுத்துப் போட்டாச்சு. விமானம் உங்களுது.

— நிஜமாவா? இனி மாத்த முடியாதே?

— நான் போட்டா போட்டதுதான். மாத்தற பழக்கம் இல்ல.

— வாழ்க! தங்கச்சி, தரைப் பலகையை மூடு. நான் ஜனங்களை வரச் சொல்றேன்.

— மூடிட்டேன் கேப்டன். கடைசித் திருகாணியும் ஏறிடுச்சு.

— கொஞ்சம் இரு. அம்மா ஏறி உட்கார்றதுக்கு முன்னாடி நான் போய்ப் பேசப்போறேன். வாயைத் திறந்துதான். கால் எப்படி இருக்குன்னு கேக்கப்போறேன். அடுத்த வாரம் லீவு போட்டுட்டு அண்ணன் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லப்போறேன்.

— போங்க. ஓடுங்க. அத்தை அழுவாங்க. அப்புறம் திட்டுவாங்க. ரெண்டுக்கும் வாய் விட்டுப் பதில் சொல்லுங்க.

— நீ என்ன அதுக்குள்ள ஓவர்ஆல் உடுப்பைக் கழட்டறே? ஷிஃப்ட் முடியலையே.

— எனக்கு முடிஞ்சிடுச்சு. சூப்பர்வைசர்கிட்ட கேட்டாச்சு.

— உள்ளே புதுச் சட்டையெல்லாம் போட்டிருக்கே! சரி, நல்லா இருக்கு. நான் ஒண்ணு சொல்லவா? உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். அம்மா போறதுல உனக்கு சந்தோஷம்னு நினைச்சேன்.

— எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கு.

— பார்த்தியா, மறுபடி கேலி! எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மனசைக் குடையுது. கால் வலியோட அவ்வளவு தூரம் தனியா போறாங்களே.

— தனியாவா? அப்புறம் பக்கத்து சீட்டு விளக்கையும் உங்களை எதுக்குப் பார்க்கச் சொன்னேன்? வழி விடுங்க சார், என் பெட்டியையும் சேர்த்து அத்தைதான் ஹால்ல காவல் காத்துட்டு இருக்காங்க.