கில்ரே தோட்டத்து வளைவில் உறைந்த தண்ணீர் பற்றி நோலீன் ஷார்ப்ளின் சொன்னது

பெயர் நோலீன் ஷார்ப்ளின். வயது 57. முகவரி: 14, மேட்டுச் சாலை, ராக்ஸ்பர்க் அருகில். தொழில், வீடு வீடாகக் காரில் போய் வயதானவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி உணவு கொடுப்பது. நேற்று, அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை இன்று நிலையத்தில் காவலர் டேன் பெட்டிகிரூ கேட்க, நானாக விரும்பிச் சொல்கிறேன். அவர் தட்டச்சு செய்கிறார். நான் சொல்வதைச் சுருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருந்ததால் அதைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்பினேன். முதலில் போக வேண்டியது ஆற்றங்கரையில் தனியாக இருக்கும் ஐவி ஆட்ரிட்ஜ் வீட்டுக்கு; அவருக்கு வயது 91, நான் போய்த் தூக்கினால்தான் கட்டிலை விட்டு இறங்குவார். சாலை உலர்ந்திருந்தது. வேகம் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். அதன் பிறகு ஆறு நாற்பது வாக்கில் லாக்லன் கில்ரேயின் ஏப்ரிகாட் தோட்டத்து வளைவுக்கு வந்தேன். அங்கே தெளிப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. வழக்கம்போல் வைப்பரைப் போட்டேன்.

இந்த இடத்தில் காவலர், அந்த வைப்பர் விஷயம் தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். இளம் பிஞ்சு உறைபனியில் கருகாமல் இருக்க இரவெல்லாம் மரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள், அது பிஞ்சைச் சுற்றிப் பனிக்கட்டியாக மூடிக் காப்பாற்றும், வெயில் ஏறி உருகும்வரை நிறுத்தக் கூடாது. அதில் தவறில்லை. ஆனால் கில்ரேயின் கடைசி வரிசைத் தெளிப்பான் வேலியைத் தாண்டிச் சாலையில் பாதிவரை அடிக்கும். இது ஊருக்கே தெரியும். அந்த வளைவு வந்தால் எல்லோரும் வைப்பரைப் போட்டுக்கொண்டு தாண்டிப்போவோம், பதினொரு வருடமாக நானும் அப்படித்தான் போனேன். போன வருடம் பெட்ரோல் நிலையத்தில் பார்த்து அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "காசு வாங்காம காரக் கழுவி விடறேன், அதுக்கும் ஒரு புகாரா நோலீன்?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அதன் பிறகு வளைவின் நடுவில் எதிரே ஒரு வெள்ளை வேன் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. அதன் பின்பக்கம் முதலில் விலகியது, பிறகு வண்டி முழுவதும் குறுக்கே திரும்பி நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பனியில் மிதிக்கக் கூடாது என்று இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் என் கால் அதை மறக்காது. வசந்தம் வந்துவிட்ட அக்டோபரில் மறந்துவிட்டது. என் காரும் சுழன்றது. வேனின் மூக்கு என் காரின் முன்சக்கரத்தில் மோதியது. என் கார் பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்தபடி சாலையில் நின்றது. நான் கதவைத் திறந்து காலை வைத்த இடத்தில் வழுக்கி உட்கார்ந்தேன். கீழே இருந்தது காற்றிலிருந்து படிந்த பனி இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக, விரல் கனத்துக்கு இறுகிய கட்டி. வளைவுக்கு முன்னும் பின்னும் சாலை காய்ந்து கிடந்தது.

வேனை ஓட்டியவர் எஸ்ரோம் நலாவ், வனுவாட்டு நாட்டுக்காரர், நான்கு பருவங்களாகக் கில்ரே தோட்டத்திலேயே வேலை செய்பவர். வேன் அவரும் மூன்று தோழர்களும் சேர்ந்து வாங்கியது, அதற்குக் காப்பீடு இல்லை. இந்த நாட்டில் அது கட்டாயமும் இல்லை. அவர் தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டுவிட்டு, "சாரி ஆன்ட்டி, சாரி, அடிபட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் அவரிடம் சாரி சொன்னேன். ஓட்டுநர் சம்பவ இடத்தில் மன்னிப்புக் கேட்டார் என்று காவலரின் குறிப்பேட்டில் இருப்பதை இன்று பார்த்தேன். என் மன்னிப்பையும் அதில் சேர்க்கச் சொன்னேன். இங்கே காலை மிதித்தவனும் சாரி சொல்வான், மிதிபட்டவனும் சொல்வான். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதினால் ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

அதன் பிறகு ஆறு ஐம்பதுக்கு கில்ரே தன் நான்கு சக்கர பைக்கில் வந்தார். தெளிப்பான் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் மூவர் மேலும் தண்ணீர் விழுந்தது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர், "இப்ப நிறுத்துனா பிஞ்சு பூராவும் போயிடும், உனக்குத் தெரியாததா?" என்றார். அது பொய் இல்லை. ஆனால் கடைசித் தெளிப்பான் ஒன்றை மட்டும் உள்பக்கம் திருப்ப எந்தப் பிஞ்சும் தடையில்லை. அவர் திருப்பவில்லை. எஸ்ரோமைப் பார்த்து, "என்னடா இப்படியா ஓட்டிட்டு வருவ? அடுத்த வருஷம் உன்னக் கூப்பிடறதா வேணாமான்னு யோசிக்கணும் போல" என்றார். எஸ்ரோம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு ஏழரைக்கு, சாலையோர வேக எல்லைப் பலகைக்குப் பின்னால் நின்று கில்ரே அந்தக் கடைசித் தெளிப்பான் எதுவரை சுற்றலாம் என்று தடுக்கும் நிறுத்துக் கம்பியைக் கையால் வளைத்து உள்பக்கம் பார்க்க வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். "என்ன பண்றீங்க லாக்லன்?" என்று கேட்டேன். "சும்மா, அடைப்பு எடுத்தேன்" என்றார். ஏழு ஐம்பதுக்குக் காவலர் வந்தபோது சாலையில் ஒரு சொட்டு விழவில்லை. நேற்று ஊர் முழுக்க உறைபனி, இது இயற்கை, பையன் வேகமாக வந்தான் என்று கில்ரே சொன்னதைக் காவலர் எழுதிக்கொண்டார்.

காவலர் எஸ்ரோமை ஊதச் சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்தபோது நான் என் காரின் பின்பக்கம் போனேன். ஐம்பது நிமிடம் அந்தத் தண்ணீரை வாங்கியதில் எண் தகட்டின் மேல் பனிக்கட்டி ஏறியிருந்தது. நகத்தால் நெம்பினேன். ஒரே பாளமாகக் கழன்று வந்தது. உள்பக்கத்தில் என் வண்டியின் எழுத்தும் எண்ணும் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தன. நடுச்சாலையில் நின்ற காருக்கு இயற்கை அப்படிச் சட்டை தைத்துப் போடாது. ஐவிக்குக் கொண்டுபோன உறைந்த சாப்பாட்டுப் பெட்டியில் அதை வைத்தேன். காவலர் என்னை வீட்டில் இறக்கிவிட்டதும் உறைபெட்டியில் வைத்தேன். ஐவி பதினொரு மணிவரை கட்டிலிலேயே ஈரத்தில் இருந்தார்.

நேற்று மதியம் என் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். என்னிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும். நான் யார் வண்டியையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுப்பார்கள், என் காருக்கு ஒன்றும் இல்லை. பழைய கார்தானே என்று நான்தான் சந்தா குறைவானதை எடுத்தேன், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு என்று போனில் பேசிய பெண் சொன்னார்: எதிர் ஓட்டுநருக்குக் காப்பீடு இல்லாமல், தவறு முழுவதும் அவருடையதாக இருந்தால், என் காருக்கு நான்காயிரம் டாலர் வரை கிடைக்கும். "அவர் கோட்டைத் தாண்டி வந்தாருன்னு போலீஸ் ரிப்போர்ட்ல இருந்தா போதும்மா, எங்களுக்கு ஈஸி" என்றார். வேறொருவர் விட்ட தண்ணீரில் இருவரும் சறுக்கியதாகச் சொன்னால் என்று கேட்டேன். அப்போது விதிவிலக்கு பொருந்தாது, நானே அந்த வேறொருவர் மேல் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

கார் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று காவலர் நான் சொன்னதில் முதல் பாதியைப் படித்துக் காட்டி, வேன் நடுக்கோட்டைத் தாண்டி வந்தது என்ற வரியில் நிறுத்தினார். "நோலீன், இதோட முடிச்சுக்கலாமே. உங்களுக்கும் நல்லது. அவர் மேல கவனக்குறைவுன்னு ஒரு வழக்கு, அவ்வளவுதான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, என் நன்மைக்குத்தான் சொன்னார். அந்த வழக்கில் தீர்ப்பு எதிராக வந்தால் எஸ்ரோமுக்கு அடுத்த பருவத்துக்கு விசா கிடைக்குமா என்று கேட்டேன். கஷ்டம் என்றார். எஸ்ரோம் தன் ஊரில் நான்கு வருடமாகக் கட்டும் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. நேற்றுக் காத்திருந்த நேரத்தில் வேனில் உட்கார்ந்து அந்த வீட்டின் படத்தைக் காட்டினார்.

"முடிக்கக் கூடாது, தொடர்ந்து டைப் அடிங்க டேன்" என்றேன். மேலே அந்த வரிக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் அதன் பிறகு சொன்னவைதான்.

கில்ரேயுடன் எனக்குப் பகை இல்லை. அவர் பழத்தைத்தான் நானும் ஜாம் போடுகிறேன். நாளை கடையில் அவர் என்னோடு பேச மாட்டார், அவரோடு சேர்ந்து பாதி ஊரும் பேசாது. பேசாமல் இருக்கட்டும். என் காருக்கான பணத்தை அவரிடம்தான் கேட்கப்போகிறேன், தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்தில் மனுவும் கொடுத்துவிட்டேன். அங்கே தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன். ஐவி வீடு ஆறு கிலோமீட்டர், இன்று சைக்கிளில் போனேன், நாளையும் போவேன்.

எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. "கவனக்குறைவாக வந்த வேன்" என்று ஓரிடத்தில் இருந்ததைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், அடித்து இருவரும் கையொப்பமிட்டோம். மீதி நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் இருந்தால் தண்டனை உண்டு என்று தெரிந்து, இதில் உள்ள உண்மையால் எனக்கு நான்காயிரம் டாலர் போகும் என்பதும் தெரிந்து, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நோலீன் ஷார்ப்ளின்

என் முன்னிலையில்: காவலர் டே. பெட்டிகிரூ

இணைப்பு: எண் தகட்டின் அச்சுப் பதிந்த பனிக்கட்டிப் பாளம் ஒன்று. அளந்து படம் எடுக்கப்பட்டு நிலையக் குளிர்பெட்டியின் உறையறையில் வைக்கப்பட்டுள்ளது. எழுத்துகளைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. தோட்ட உரிமையாளரை மறுபடி விசாரிக்க இன்று மாலை நேரில் செல்கிறேன். டே.பெ.