தெருவுக்கு வாய்த்த வெளியுறவு மந்திரி

பட்ஜெட் நாள். ஆனையூரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் யாரோ செல்போனில் நியூஸை அலறவிட்டிருந்தார். ஏதோ ஒரு நாடு நம் சரக்குக்கு வரி போட்டதாம். பதிலுக்கு நாமும் போடப்போகிறோமாம்.

முன்சீட்டு அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "எங்க தெரு பாத்திமாவ வெளியுறவு மந்திரியாக்கணும், புள்ள."

"ஏங்க்கா?"

"போன நோன்புல எங்காளுகளும் அவுக ஆளுகளும் முறைச்சுக்கிட்டு நிக்க, தெரு நடுவுல போலீஸ் கயிறு கட்டிருச்சு. யாரும் தாண்டக்கூடாதுன்னாக. இவ எப்பவும்போல தூக்குவாளியில நோன்புக்கஞ்சியோட வாரா. 'ஆறிப்போகும் சார்'னு சொல்லிட்டு, கயித்துக்குக் கீழ குனிஞ்சு வந்துட்டா."

"ஆத்தீ! வாங்குனீகளா?"

"வாங்காம? ஆனா வெறும் வாளிய எப்படித் திருப்பிக் குடுக்கிறது? பணியாரம் சுட்டுப் போட்டுக்கிட்டு நான் குனிஞ்சு போனேன். மறுநாள் அதே வாளியில வடையோட அவ வாரா."

"போலீஸு சும்மாவா இருந்துச்சு?"

"எம்புட்டு நேரந்தான் தடுப்பாக? 'தினம் இப்படிக் குனிஞ்சா இடுப்பு போயிரும்மா'ன்னு ஏட்டய்யாவே கயித்த அவுத்துவிட்டுட்டாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப வாளி யாருட்ட இருக்கு?"

"எங்கிட்டதான். வெல்லம் வாங்கத்தான போய்க்கிட்டிருக்கேன்."