ஐந்து நிமிடச் சராசரி

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நிதானமாகவே சொல்கிறேன்; எழுதுகிறவருக்கும் வசதியாக இருக்கும்.

சத்தத்தையும் அதிர்வையும் குறைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். எம். புதுப்பட்டிப் பக்கம் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, மருந்து இடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. பின்னால் புதிதாக வீடு கட்டி வந்தவர், அந்த இடியில் குடியிருக்க முடியவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். பகலில் ஐம்பத்தைந்து டெசிபலுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று உத்தரவு. சீசன் நேரம், அறுபது பேர் பிழைப்பு. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்கதான் கரை சேக்கணும்" என்றார்.

பட்டாசு அறைக்கு எதிரெதிராக இரண்டு வாசல் இருக்கும். வேலை நேரத்தில் இரண்டும் திறந்தே கிடக்கும். பொறி பட்டால் ஓட வேண்டுமே. அந்த அறையில் இயந்திரம் முன்வாசலை ஒட்டி இருந்தது. அதனால் பெண்கள் நால்வரும் பின்வாசலைப் பார்த்தபடியே உட்காருவார்கள். புகார் கொடுத்தவர் வீட்டுப் பக்கம் சத்தம் போனதும் அதே பின்வாசல் வழியாகத்தான். இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் கொடுத்துப் பார்த்தேன்; அறுபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அந்தத் திறந்த வாசலைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

பின்வாசலுக்குக் கனமாக ஒரு கதவு செய்தேன். உள்பக்கம் மெத்தை, விளிம்பில் ரப்பர் பட்டை. ரப்பர் நன்றாக அழுந்த வேண்டும். விரற்கடை இடைவெளி விட்டாலும் செய்த வேலை பாழ். அதற்காக வெளியே ஒரு தாழ்ப்பாள் வைத்தேன்.

நால்வரில் மூத்தவள் முருகம்மாள். "என்ன சார், கதவுக்கு மெத்தை தச்சிருக்கீக! எங்க வீட்ல மனுசருக்கே மெத்தை கிடையாது" என்று சிரித்தாள். தாழ்ப்பாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத மட்டும் போடாதீக சார். அங்கன பத்துச்சுன்னா நாங்க இங்கனதான ஓடணும்?"

"அஞ்சே நிமிசம்மா. அளந்ததும் திறந்துருவேன்."

"அப்ப அந்த அஞ்சு நிமிசம் மருந்து போடாம ஓட்டுவோமா?"

வெறும் இயந்திரத்தின் சத்தம் வேறு, மருந்தோடு இடிக்கும் சத்தம் வேறு. எனக்குப் பொய்க் கணக்கு பிடிக்காது. மருந்து போட்டே ஓட்டச் சொன்னேன்.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மூன்றெட்டுத் தள்ளி ஒலிமானியை நிறுத்தினேன். ஐந்து நிமிடச் சராசரி எடுக்க வேண்டும். இடையில் கெட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் தடவை லோடு வண்டி வந்து கெடுத்தது. இரண்டாம் தடவை அண்ணாச்சியின் போன். சொல்லக் கூடாது, அப்போது எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. மூன்றாம் தடவை நான்கு நிமிடம் இருபது வினாடி வரை ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் உள்ளே சீறியது. பூச்சட்டி மருந்து வெடிக்காது, எரியும். உடனே கதவை அடித்தார்கள். "சார், தொறங்க சார்" என்றது முருகம்மாளின் குரல். எனக்குக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்டது. புரிந்தது. கதவைத் திறந்தால் உள்சத்தம் மொத்தமும் வெளியே வந்துவிடும். இன்னும் நாற்பது வினாடிதானே, அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் அடிப்பது ஓய்ந்தது. அணைத்துவிட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, சார்.

மருந்து உராய்ந்து நடந்த விபத்து என்று சொல்லும்படி அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாழ்ப்பாளைப் போட்டது நான். எடுக்காமல் நின்றதும் நான். நான்கு பேரும் அதனால்தான் செத்தார்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள். சராசரி ஐம்பத்துநான்கு. அவர்கள் கதவை அடித்த சத்தத்தையும் சேர்த்து.