கருகாத விண்கலம்

சேலம் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“சூரியனுக்குக் கிட்டப் போயும் கருகலையாமுங்க.”

“எதுங்க?”

“அம்பது வருசத்துக்கு முந்திச் சூரியனை ஆராய அனுப்புன விண்கலமுங்க. நிக்காமத் தன்னைத்தானே சுத்திக்கிட்டே போச்சாமா. ஒரே பக்கமா வெயில் படாதாமுங்க.”

மற்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நேத்துப் பரீட்சையில இதைத்தானுங்க கேட்டிருக்கறாங்க. எம்புள்ள, ‘எங்கம்மா மில்லுல ஜவ்வரிசி வறுக்கற மாதிரி, பெரட்டிக்கிட்டே இருந்தாக் கருகாது’ன்னு எழுதியிருக்கறா. ‘ஏன்டி அடுப்படிக் கதையை எழுதுனே’ன்னு வஞ்சுபோட்டனுங்க. சோறு திங்காமப் பள்ளிக்கூடம் போயிட்டா.”

“எழுதுனது சரிதானுங்களே!”

“அப்பாடா! அந்தப் பேப்பரை எனக்குக் குடுத்துருங்க. சேலத்துக்கு நாளைக்குப் போயிக்கறேன். கண்டக்டரே, நிறுத்துங்க!”