நூறு மணி நேரம் ஓட விடச் சொன்னது நான்தான்

பெயரும் விலாசமும் முன்பு கொடுத்தபடியே. வயது நாற்பத்தேழு. ஒலிபெருக்கி விற்கும் கடையில் பதினெட்டு வருடமாக விற்பனையாளன். இது என் இரண்டாவது வாக்குமூலம்; யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து கொடுக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை, இப்போது உங்கள் காவலில் இருக்கும் தையல்காரர் எங்கள் கடையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். மறுநாள் காலை வந்து, பாட்டு தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்றார். புது ஸ்பீக்கர் பழக வேண்டும், நூறு மணி நேரம் சத்தமாக ஓட விடுங்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான். தினம் இரண்டு மணி நேரம் போடுவார்கள். மாற்றிக் கொடுக்கும் ஏழு நாள் கெடு தாண்டிவிடும், அதற்குள் காதும் பழகிவிடும். தையல்காரர் சொன்னதை அப்படியே செய்கிற மனிதர். அன்றே வீட்டில் போட்டு நிறுத்தாமல் ஓட விட்டார்.

அதன் பின் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தையல் கடையிலிருந்து போன் செய்தார்.

"இன்னும் பாதிக்கு மேல இருக்கு அண்ணே. வீட்டுக்காரி காதுல பஞ்சு வச்சுக்கிட்டு என்னைத் திட்டிட்டு இருக்கா. நிறுத்திடட்டுமா?"

"நடுவுல நிறுத்தினா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றேன். அப்போது நான் சிரித்ததும் நினைவிருக்கிறது.

அன்று மதியம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறார். வெகுநேரம் கூப்பிட்டிருப்பார் என்று மருத்துவர் சொன்னாராம். மாடி வீட்டம்மாவுக்குப் பாட்டு மட்டுமே கேட்டிருக்கிறது. தையல்காரர் மாலையில் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. அலறல் வெளியே கேட்கக்கூடாதென்றே சத்தம் வைத்துத் தள்ளிவிட்டான் என்று அவர் மனைவியின் அண்ணன் புகார் கொடுத்ததால் அவரைக் காவலில் வைத்தார்கள்.

அதன் பின் வெள்ளிக்கிழமை என்னை விசாரித்தபோது, நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று கை கழுவிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரர் என்னிடம் கோபப்படவில்லை. "அண்ணே மறந்திருப்பாரு சார்," என்றார்.

ஸ்பீக்கருக்கு உண்மையிலேயே அப்படிப் பழக்கம் தேவையா என்று இன்று ஆய்வாளர் கேட்டார். புதிதில் கொஞ்சம் விறைப்பு இருக்கும், சில நிமிடத்தில் இளகிவிடும்; நூறு மணி நேரம் என்பது நாங்கள் சொல்லிக்கொள்வது என்றேன்.

வாசித்துக் காட்டியபோது, 'ஆலோசனை கூறினேன்' என்று எழுதியிருந்த இடத்தில் 'பொய் சொன்னேன்' என்று திருத்தக் கேட்டேன், திருத்தினார்கள். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(கையொப்பம்)